தோண்டித் துருவிச் சில கேள்விகள்

ஸ்மார்ட் சிட்டி, மாஸ்டர் பிளான், மணல், செங்கல், சைட் என்று வீடு கட்டுகிறவர்களும் கட்டிக் கொடுக்கிறவர்களும் கேட்டவை இந்த முறை. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் எழுதாவிட்டாலும் போடவில்லை. நாளைக்கு டெண்டரில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் பாருங்கள்!

கோவையில் ஸ்மார்ட் சிட்டி முடிஞ்சிருச்சுங்களா, இல்லீங்களா?
– ஆர்.எஸ்.புரம் வாசகர்

திட்டம் முடிந்துவிட்டது. வேலை முடிந்ததா என்று வாசலில் நின்று பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். 2015 ஜூன் 25-ல் டெல்லியில் தொடங்கி, கெடுவுக்கு மேல் கெடு கொடுத்து, 2025 மார்ச் 31-ல் கணக்கை மூடினார்கள். 2016 ஜனவரியில் வந்த முதல் பட்டியலில் 20 ஊர்கள். அதில் கோவை 13-வது, சென்னை 18-வது. சென்னைச் சொந்தக்காரர்கள் வந்தால் காபி கொடுக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மொத்தம் எவ்வளவு பணம்?
– கணக்குப்பிள்ளை, டவுன்ஹால்

மத்திய அரசு ஓர் ஊருக்கு ஆண்டுக்குச் சராசரி 100 கோடி வீதம் ஐந்தாண்டுக்கு 500 கோடி. அதே அளவு மாநிலமும் மாநகராட்சியும் போட வேண்டும். ஆக, ஆயிரம் கோடி. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்குக் கட்டிய ஒரே பாலத்துக்கு 1,791 கோடி. ஊரையே மாற்றிக் காட்டுகிறோம் என்று வந்த திட்டத்தின் மொத்தப் பணமும் ஒரு பாலத்துக்குக் காணாது.

அப்ப அந்தப் பாலம் ஸ்மார்ட் சிட்டிக் கணக்கு இல்லையா?
– பஸ் பயணி, ஹோப்ஸ்

இல்லை. 2025 அக்டோபர் 9-ல் ஜி.டி. நாயுடு பெயரில் திறந்த அந்தப் பாலமும், 2024 ஆகஸ்ட் 9-ல் திறந்த உக்கடம் பாலமும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. ஊரில் எது நடந்தாலும் ஸ்மார்ட் சிட்டி என்று சொல்லிப் பழகிவிட்டோம். குழி தோண்டினாலும் அதன் பெயர்தான், குழியில் விழுந்தாலும் அதன் பெயர்தான்.

ஸ்மார்ட் சிட்டியால் எங்கள் தொழில் வளர்ந்ததா? நேர்மையாகச் சொல்லுங்கள்.
– பில்டர், சரவணம்பட்டி

நேர்மையாகவே சொல்கிறேன். நீங்கள் கட்டுகிற இடம் எது, அந்தப் பணம் செலவான இடம் எது என்று வரைபடத்தில் இரண்டு வட்டம் போடுங்கள். இரண்டும் தொட்டுக்கொள்ளாது.

பணம் போனது உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன்குளம், செல்வசிந்தாமணி, குறிச்சிக் குளம், ரேஸ்கோர்ஸ், டி.பி. ரோடு. பெரும்பாலும் பழைய ஊர். அங்கே காலி சைட் என்று ஒன்று இருந்தால் அதில் வழக்கு இருக்கும். நீங்கள் கட்டுவது சரவணம்பட்டி, காளப்பட்டி, விளாங்குறிச்சி. மேற்கே வடவள்ளி, வடக்கே துடியலூர். 2011-ல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாகி, 257 சதுர கிலோமீட்டராக வீங்கியபோது உள்ளே வந்த பகுதிகள். அங்கே அபார்ட்மென்ட் முதலில் வருகிறது, தார் ரோடு பிறகு வருகிறது, பாதாளச் சாக்கடை எப்போது வரும் என்று கேட்டால் எல்லாரும் செல்போனை எடுத்துப் பார்க்கிறார்கள். அதுவரை காலையில் தண்ணீர் லாரி, மாலையில் கழிவுநீர் லாரி.

பத்தாண்டில் அந்தத் திட்டம் பில்டர்களுக்குக் கொடுத்தது விளம்பரத்துக்கு ஒரு படம். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற குளக்கரைப் படத்தைப் போட்டு ‘ஸ்மார்ட் சிட்டியின் இதயத்தில்’ என்று விற்கிற பிரசுரங்களை நானும் பார்க்கிறேன். உங்கள் தொழிலை உண்மையில் புரட்டிப்போட்டவை வேறு நான்கு: 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்கு உயர் நீதிமன்றம் போட்ட தடை, அதே ஆண்டு வந்த ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், ஆற்று மணல் போய், கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் வந்தது. இந்த நான்குக்கும் திறப்பு விழா கிடையாது.

2019 விதிகளில் அப்படி என்ன இருக்கிறது?
– புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், கணபதி

மனைப் பரப்பில் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்தது இரண்டு மடங்கானது. அடுக்குமாடி உயரக் கட்டடங்களுக்கு மூன்றேகால் மடங்கு வரை. 18.3 மீட்டர் வரை உயரம் போனாலும் ‘உயரக் கட்டடம்’ என்ற கடுமையான பட்டியலில் வராது என்றார்கள். விளைவு, பத்து சென்ட் வைத்திருந்தவர் எல்லாம் கீழே கார் நிறுத்தம், மேலே நான்கைந்து மாடி என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள். மாடிக்கு அனுமதி கொடுத்த வேகத்தில் அந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாயின் அகலத்தைக் கூட்டினார்களா என்று கேட்காதீர்கள். கேட்டால் இந்தப் பகுதி நீண்டுவிடும்.

டி.பி. ரோட்டில் பல அடுக்கு கார் நிறுத்தம் கட்டியிருக்கிறார்களே, உபயோகமா?
– துணிக்கடைக்காரர், ஆர்.எஸ்.புரம்

கட்டடம் நன்றாக இருக்கிறது. உங்கள் கடை வாசலில் நிற்கிற கார்களும் நன்றாகவே இருக்கின்றன.

ஏனுங்க, சொந்தமா வீடு கட்ட நகராட்சிக்கு அலைய வேண்டாம், தானாவே அனுமதி வந்துரும்னு சொல்றாங்களே, நெசமா?
– அம்மிணி ஒருவர், பல்லடம்

நெசந்தானுங்க. 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை நடக்கிறது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் அதற்கு மேல் ஒரு மாடியும் என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் விவரம் கொடுத்து, கட்டணம் கட்டி, உடனே அனுமதியை எடுத்துக்கொள்ளலாம். யாரும் வந்து இடம் பார்க்க மாட்டார்கள்.

அதில்தான் ஒரு சூட்சுமம். சுயசான்று என்றால் விதிப்படி கட்டுவேன் என்று நீங்களே உறுதி கொடுக்கிறீர்கள். முன்பு பக்கவாட்டில் இடம் விடாமல் கட்டினால் ‘ஆபீசர் பார்த்துத்தானே கொடுத்தார்’ என்று சொல்ல வழி இருந்தது. இனி அந்தக் கையெழுத்தும் உங்களுடையதே. கணினி சென்டரில் யாரோ ஒரு தம்பி நிரப்பிக் கொடுத்தாலும் பொறுப்பு அவருக்குப் போகாது. ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

எங்கள் சைட்டின் குறுக்கே ‘ஸ்கீம் ரோடு’ போகிறது என்கிறார்கள். அங்கே ரோடே இல்லை, தென்னை மரம்தான் இருக்கிறது!
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சிங்காநல்லூர்

கோவையில் இந்தக் கதை வீட்டுக்கு வீடு உண்டு. விரிவு அபிவிருத்தித் திட்டத்தில் எப்போதோ ஒரு கோடு இழுத்துவிட்டார்கள். கோடு காகிதத்தில், தென்னை மண்ணில். தென்னை காய்த்துக்கொண்டிருக்கிறது, கோட்டில் இன்னும் ஒரு ஜல்லி விழவில்லை. ஆனால் கட்டட அனுமதி கேட்டுப் போனால் அந்தக் கோடு எழுந்து நிற்கும்.

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-வது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். திட்டம் அறிவிக்கப்பட்டு மூன்றாண்டுக்குள் நிலத்தைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்கவில்லை என்றால் அந்த நிலம் விடுவிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். நீதிமன்றம் போய் இந்தப் பிரிவைக் காட்டி விடுவித்துக்கொண்டவர்கள் பலர். முதலில் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் திட்ட வரைபடத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். பிறகு சிவில் வழக்கு பார்க்கும் நல்ல வக்கீல்.

ஒன்று சொல்லியாக வேண்டும். உங்களுக்கு விடுதலை கிடைத்தால் எனக்கும் சந்தோஷம். ஆனால் ஒவ்வொருவராக இப்படி விடுவித்துக்கொண்டு போனதால்தான் சிங்காநல்லூரில் நாம் எல்லாரும் ஒரே சிக்னலில் நிற்கிறோம். குற்றம் உங்கள் மேல் இல்லை. கோடு போட்டவர்கள் மூன்று வருஷத்துக்குள் பணத்தையும் போட்டிருக்க வேண்டும்.

மாஸ்டர் பிளானுக்கும் ஸ்மார்ட் சிட்டிக்கும் என்ன வித்தியாசம்? ஒரே வரியில்.
– கல்லூரி மாணவி, பீளமேடு

மாஸ்டர் பிளான் எங்கே எதைக் கட்டலாம் என்று சொல்லும், ஸ்மார்ட் சிட்டி கட்டிய இடத்தில் விளக்குப் போடும்.

அதே மாஸ்டர் பிளானைப் பற்றி ஒரு வரி போதாது. கொஞ்சம் விளக்குங்கள்.
– ஆர்க்கிடெக்ட், ராம்நகர்

கோவைக்கு 1994-ல் ஒன்று வந்தது. அடுத்ததின் வரைவு 2024 பிப்ரவரியில் வெளியானது. 2041-ஆம் ஆண்டை மனதில் வைத்து, ஏறத்தாழ 1,531 சதுர கிலோமீட்டருக்கு, அதாவது மாநகராட்சியைப்போல் ஆறு மடங்கு பரப்புக்கு. நடுவில் முப்பது ஆண்டு. அந்த முப்பதில் கணினிக் கம்பெனிகள் வந்தன, பஞ்சாலைகள் மூடி அந்த நிலங்கள் அடுக்குமாடிகளாகவும் மால்களாகவும் மாறின, தோட்டங்கள் சைட்டாயின. திட்டம் மட்டும் பழையது. 1994 வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நிலப்பயன் மாற்றம் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறைக் கட்டுமானம் நடந்து முடிந்துவிட்டது. பஞ்சாயத்தில் வாங்கிய அனுமதி, கூட்டத்தோடு கூட்டமாய் வரன்முறை, அதற்காக 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனையா என்று தேதி பார்ப்பது – இவையெல்லாம் அந்த முப்பது வருட இடைவெளியில் முளைத்தவை.

திட்டம் முன்னே போய் சைட் பின்னே வரவேண்டும். கொங்குப் பக்கம் சைட் முன்னே போகிறது, திட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடி வருகிறது. கோவை நகர வளர்ச்சிக் குழுமம் என்று இப்போது தனி அமைப்பும் வந்திருக்கிறது. அடுத்த முறையாவது முப்பது ஆண்டு ஆகாமல் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய சாதனை.

முன்னாடி யாராச்சும் உருப்படியா திட்டம் போட்டு ஒரு ஏரியா கட்டியிருக்காங்களா?
– ஆட்டோ ஓட்டுநர், காந்திபுரம்

நீங்கள் தினமும் சவாரி போகிற ஆர்.எஸ்.புரம். பிளேக் நோய் ஊரை வாட்டியெடுத்த காலத்துக்குப் பிறகு, நெருக்கடியான பழைய ஊருக்கு மேற்கே குறுக்கும் நெடுக்குமாக நேர்த் தெருக்கள் போட்டுப் பிரித்தது. நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ். ரத்தினசபாபதி முதலியார் பெயரில்தான் அந்தப் பகுதி. சிறுவாணித் தண்ணீர் ஊருக்கு வந்ததிலும் அவர் பெயர் நிற்கிறது. தெரு முதலில், தண்ணீர் கூடவே, வீடு அப்புறம். சென்சார் இல்லை, செயலி இல்லை. இன்றைக்கும் அங்கே ஒரு சென்ட் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றுகிறது.

போட்ட ரோட்டையே மூணு தடவை தோண்டறாங்களே, இதுல என்ன லாபம்?
– மருந்துக்கடைக்காரர், ராமநாதபுரம்

தோண்டுகிற இயந்திரத்தை வாடகைக்கு விடுகிறவருக்கு லாபம்.

காரணம் எளியது. பாதாளச் சாக்கடை ஒருவர், 24 மணி நேரக் குடிநீர் இன்னொருவர், மின்வாரியம் வேறு, கேஸ் குழாய் வேறு, கேபிள் கம்பெனிகள் வேறு. குடிநீருக்கு மட்டும் 2018-ல் சூயஸ் கம்பெனியோடு 26 ஆண்டு ஒப்பந்தம். ஒவ்வொருவருக்கும் தனிக் கெடு, தனி பில். ரேஸ்கோர்ஸ் மாதிரிச் சாலையில் கேபிளுக்கென்று நடைபாதைக்குக் கீழே தனிப் பாதை விட்டார்கள். அந்த ஒன்றைத்தான் நான் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின் உருப்படியான பாடமாகச் சொல்வேன். நடைபாதைக் கல் பெயர்ந்தாலும் தார் பெயராது. அதை ராமநாதபுரத்துக்கும் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். வண்ண விளக்கு அப்புறம் வரட்டும்.

லோக்கல் கான்ட்ராக்டர்களுக்கு ஸ்மார்ட் சிட்டியில் என்ன கிடைத்தது?
– முதல்நிலை ஒப்பந்ததாரர், போத்தனூர்

உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன்? சின்னச் சின்ன வேலைகளைச் சேர்த்துப் பெரிய டெண்டராகக் கட்டினார்கள். அந்த அளவுக்கு முன்வைப்புத் தொகையும் முன் அனுபவச் சான்றும் காட்டக்கூடியவர்கள் ஊருக்கு ஒன்றிரண்டு பேர், இல்லாவிட்டால் வெளியூர். அவர்கள் எடுத்து, உங்களைப் போன்றவர்களுக்கு உள்குத்தகை விட்டார்கள். வேலை உங்களுடையது, பலகை அவர்களுடையது. மேலே பில் பாஸாகி, அங்கிருந்து இறங்கி, உங்கள் கைக்கு வருவதற்குள் கம்பி விலை இரண்டு தடவை ஏறியிருக்கும்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். பேவர் பிளாக், கைப்பிடிக் குழாய், விளக்குக் கம்பம், முன்வார்ப்புக் கால்வாய் ஆகியவற்றுக்கு இந்தப் பத்தாண்டில் நல்ல கிராக்கி. வார்ப்படமும் பம்புசெட்டும் செய்து பழகிய ஊர் இது. சிமென்ட் அச்சில் வார்ப்பது பெரிய வித்தையில்லை என்று புரிந்துகொண்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

குளக்கரையில் நடக்கப் போகிறேன். அழகாகத்தானே இருக்கிறது, ஏன் குறை சொல்கிறீர்கள்?
– நடைப்பயிற்சியாளர், செல்வபுரம்

அழகுதான், நானும் நடக்கிறேன். ஆனால் செல்ஃபிக்கென்று நிறுத்திய பெரிய எழுத்துகளுக்கு முதுகைக் காட்டி, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து ஒரு தடவை கீழே பாருங்கள். கரையின் கல் சுவரை ஒட்டி ஆகாயத்தாமரை மெத்தை போட்டிருக்கும். அதற்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும் செடி இல்லாமல் தண்ணீர் கருத்து, நுரை சுற்றிக்கொண்டிருக்கும். வாய்க்கால் வந்து விழுகிற இடம் அது. மேலே நிற்கிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து, இரண்டடி தள்ளி மறுபடி சிரிப்பார்.

வெள்ளியங்கிரி மலையிலிருந்து வருகிற நொய்யலின் தண்ணீரை வாய்க்கால் வழியே குளத்துக்குக் குளம் கடத்திய சங்கிலி இந்தக் குளங்கள். கரையைப் பலப்படுத்தவும் கல் பதிக்கவும் பொறியாளர்களுக்குத் தெரியும். அதற்கு அளவு உண்டு, பில் உண்டு. சாக்கடை கலக்காமல் தடுப்பது அளவெடுக்க முடியாத வேலை. எது டெண்டரில் அடங்குமோ அதுதான் முதலில் நடக்கும். கட்டுமானத் தொழிலைத் திட்டிப் பயனில்லை, கேட்டதைத்தான் கட்டிக் கொடுத்தார்கள்.

அந்தக் குளக்கரையில் குடியிருந்தவங்க எல்லாம் எங்கே போனாங்க?
– சித்தாள், கீரணத்தம்

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் இந்தக் கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரியும் என்று புரிகிறது. கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர், கோவைப்புதூர் – குடிசை மாற்று வாரிய அடுக்குமாடிகள். 2021-ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பஸ் நேரம் மாறியதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பலரும் கவனிக்காத சங்கதி இது. கரையில் இருந்தவர்களில் நிறையப் பேர் கொத்தனார், சித்தாள், பெயின்டர், கம்பி கட்டுகிறவர். காலை ஏழு மணிக்கு ஆள் எடுக்கிற முனைக்கு நடந்தே வந்தவர்கள். இப்போது இரண்டு பஸ் மாறி எட்டரைக்கு வந்தால் மேஸ்திரி ஆள் எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஊரைக் கட்டுகிறவரை ஊருக்கு வெளியே குடிவைத்த செலவு அவருடைய கூலியில் தினமும் கழிகிறது.

வேலைக்கு ஆளே கிடைக்கறதில்ல. சைட்ல எல்லாம் ஹிந்திதான் கேக்குது.
– மேஸ்திரி, சூலூர்

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிகள் இல்லாவிட்டால் அவிநாசி ரோட்டில் எந்தக் கட்டடமும் இரண்டாம் மாடி பார்த்திருக்காது. நம் பையன்கள் எல்லாம் இன்ஜினியரிங் படித்துவிட்டார்கள் அல்லவா! நீங்கள் ஹிந்தி கற்றுக்கொள்கிறீர்களோ இல்லையோ, அவர்கள் ‘கலவை’, ‘ஜல்லி’, ‘சாரம்’ எல்லாம் கற்றுக்கொண்டு விட்டார்கள். தகரக் கொட்டகையில் மின்விசிறி போட்டுக் கொடுங்கள், பேச்சு தானாக வரும்.

எம்-சாண்டில் ஏமாறாமல் இருப்பது எப்படி?
– வீடு கட்டுபவர், கிணத்துக்கடவு

குவாரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள்! லோடு இறக்கும் முன் ஒரு கை அள்ளுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்து இறுக்கிப் பிடித்து, விட்டுவிட்டு உள்ளங்கையைப் பாருங்கள். மணல் உதிர்ந்து கை ஓரளவு சுத்தமாக இருந்தால் சரி. சாம்பல் நிறத்தில் மாவு அப்பிக்கொண்டால் அதில் கிரஷர் தூசி அதிகம். கலவையில் சிமென்டைக் குடிக்கும், காய்ந்ததும் வெடிக்கும். இது முதல் சோதனைதான். காங்கிரீட் ஊற்றுவதற்கு முன் லேபில் கொடுத்துச் சலிப்புச் சோதனை பார்க்க ஆகும் செலவு ஒரு தளத்தின் செலவில் தூசு. பூசுவதற்குக் கேட்கும்போது பி-சாண்ட் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். அளவும் முக்கியம்: யூனிட் என்றால் நூறு கன அடி. லாரியின் நீள அகல உயரத்தை டேப் வைத்து அளந்தால் டிரைவர் கோபிப்பார். கோபிக்கட்டும்.

2025 ஏப்ரலில் கனிமம் உள்ள நிலத்துக்குப் புது வரி அமலுக்கு வந்ததும் குவாரி, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பாதி ஊரில் தளம் போடுவது நின்றது ஞாபகம் இருக்கும். எந்த நகரத் திட்டமும் கடைசியில் கல்லுக்குள்தான் இருக்கிறது.

செங்கல் விலை ஏன் இறங்கவே இல்லை?
– வீட்டுக்காரர், கவுண்டம்பாளையம்

தடாகம் பள்ளத்தாக்கைப் போய்ப் பாருங்கள், தெரியும். கோவையின் வீடுகளுக்கெல்லாம் செம்மண் கொடுத்த இடம். சின்னத்தடாகம், வீரபாண்டி, நஞ்சுண்டாபுரம், சோமையம்பாளையம், பன்னிமடை பஞ்சாயத்துகளில் பனை உயரத்துக்கு மண்ணெடுத்துவிட்டார்கள். யானை நடக்கும் வழியில் பாதாளம். உள்ளூர் மக்கள் வருடக்கணக்கில் போராடி, வழக்கு நடந்து, 2021-ல் அனுமதியில்லாத நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகளை மாவட்ட நிர்வாகம் மூடியது. மூடியது சரி என்பது என் கருத்து. சூளைக்காரர்களும் அங்கே வேலை பார்த்த குடும்பங்களும் திட்டட்டும். யானைக்கும் ஓடைக்கும் ஓட்டு இல்லை, அவற்றுக்காக ஒருவர் பேசியாக வேண்டும்.

அதன் பிறகு சாம்பல் கல், ஹாலோ பிளாக், எடை குறைந்த ஏஏசி பிளாக் என்று ஊர் பழகிவிட்டது. சேம்பர் செங்கல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அடத்துக்கும் சேர்த்து விலை.

இடித்த கட்டடத்தின் கட்டுமானக் கழிவை எங்கே கொட்டுவது?
– இடிப்பு வேலை எடுப்பவர், சாயிபாபா காலனி

ராத்திரியில் எங்கே கொட்டுகிறீர்கள் என்று தெரியும், அங்கே கொட்டாதீர்கள். 2016-லிருந்தே இதற்குத் தனி விதி இருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருகிற புது விதியில் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்கள் கழிவுக்கு முழுப் பொறுப்பு. குளத்து ஓரத்தில் ஒரு லோடு கொட்டுகிறவர் தண்ணீரை மட்டும் தள்ளிவிடவில்லை. அடுத்த வருடம் அந்த மேட்டில் ஒரு கடைக்கு அஸ்திவாரம் போட்டுக் கொடுக்கிறார்.

மெட்ரோ வந்தால் சத்தி ரோட்டில் விலை ஏறும் என்று சைட் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஐ.டி. ஊழியர், கணபதி

மெட்ரோ வந்தால் வரட்டும் என்று வாங்குங்கள், மெட்ரோவுக்காக வாங்காதீர்கள். சத்தி ரோடு, அவிநாசி ரோடு என்று இரண்டு தடம், 34.8 கிலோமீட்டர் என்று போன அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்று காரணம் சொன்னார்கள். பார்த்தது 2011 கணக்கு, அதில் கோவை மாநகராட்சி ஏறத்தாழ 15.8 லட்சம். அதற்குப் பிறகு பிறந்தவர்களும் குடிவந்தவர்களும் சிக்னலில் நிற்கிறார்கள், கணக்கில் நிற்கவில்லை.

வெள்ளலூர் பஸ் ஸ்டாண்டை நம்பி அங்கே இரண்டு சைட் வாங்கினேன்.
– பெயர் வேண்டாம், இடையர்பாளையம்

இது கேள்வி இல்லை, புலம்பல். 168 கோடி மதிப்பில் 2020-ல் தொடங்கி, ஆட்சி மாறிய பின் பாதியில் நின்றுபோன வேலை. தூண்கள் நிற்கின்றன, நீங்களும் நிற்கிறீர்கள். முந்தைய கேள்வியைக் கேட்டவருக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

‘ஸ்மார்ட் ஹோம்’ என்று ஃபிளாட் விற்கிறார்கள். கைதட்டினால் விளக்கு எரியுமாம். முன்பணம் கொடுக்கலாமா?
– புதுமணத் தம்பதி, வடவள்ளி

விளக்கு எரியட்டும், முதலில் ரெரா எண்ணைக் கேளுங்கள். மனை 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ எட்டு வீடுகளுக்கு மேல் கட்டினாலோ பதிவு கட்டாயம். உங்களிடம் வாங்குகிற பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும். கட்டுமானத்தில் குறை வந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டு வரை அவர் செலவிலேயே சரி செய்ய வேண்டும். பிறகு இந்த நான்கைக் கேளுங்கள்: கழிவுநீர் எங்கே போகிறது? கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அந்த லேஅவுட்டில் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய ரிசர்வ் சைட் எங்கே இருக்கிறது, அதில் யாராவது கம்பிவேலி போட்டிருக்கிறார்களா? மழைநீர்த் தொட்டி நிஜமா, 2003 சட்டத்துக்காகப் போட்ட மூடியா? நான்குக்கும் நேரில் காட்டினால் கைதட்டுங்கள்.

ஸ்மார்ட் சிட்டி என்று ஆரம்பித்து மண்ணைக் கவ்விய ஊர் வெளிநாட்டில் உண்டா?
– வெளிநாட்டில் மகன் இருக்கும் தந்தை, ரேஸ்கோர்ஸ்

கனடாவின் டொரன்டோ. கூகிளின் சகோதரக் கம்பெனி ஒன்று 2017-ல் ஏரிக்கரையில் சுமார் 12 ஏக்கரில் மரத்தாலான உயரக் கட்டடங்கள், எங்கும் சென்சார் என்று பெரிய படம் காட்டியது. எங்கள் நடமாட்டத்தை ஏன் கணக்கெடுக்கிறாய் என்று ஊர்க்காரர்கள் மல்லுக்கட்டினார்கள். 2020 மே மாதம் கம்பெனி மூட்டை கட்டியது. நம் ஊரில் குளக்கரையைப் பற்றி அப்படி யாரும் கேட்கவில்லை, படம் எடுத்துக்கொண்டோம்.

சிவில் எடுத்தேன். கம்ப்யூட்டர் எடுத்திருக்கலாம் என்று அப்பா தினமும் சொல்கிறார்.
– மூன்றாம் ஆண்டு மாணவர், பீளமேடு

அப்பாவிடம் சொல்லுங்கள்: சிங்கப்பூரில் பெரிய கட்டடங்களுக்கு முப்பரிமாணக் கணினி மாதிரியில்தான் அனுமதிக்கு மனுப்போட வேண்டும் என்று 2013-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். சிவில் படித்தவர் கம்ப்யூட்டரைக் கற்றுக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் படித்தவரைச் சாரத்தில் ஏற்றிப் பாருங்கள்.

சிமென்ட் வரி குறைஞ்சுதே, வீடு கட்டற செலவு குறையுங்களா?
– விவசாயி, காங்கேயம்

2025 செப்டம்பர் 22-லிருந்து 28 சதவீதம் 18 ஆனது. மூட்டை பில்லை வாங்கிப் பாருங்கள். வரி வரியில் குறைந்திருக்கும். மேல் வரியில் அடிப்படை விலை கொஞ்சம் எழும்பி நின்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். 1930-களிலேயே மதுக்கரையில் சிமென்ட் ஆலை வைத்திருந்த பகுதி நாம், விலை கேட்க வெட்கப்படக் கூடாது.

முப்பது வருஷமா கொத்து வேலை. இந்த ஸ்மார்ட் சிட்டியில எனக்கு எதாச்சும் உண்டுங்களா?
– கொத்தனார், இருகூர்

உண்டுங்க, ஆனால் வேறு சட்டத்தில். கட்டடச் செலவில் ஒரு சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நலநிதிக்குப் போகிறது. திட்ட அனுமதி கொடுக்கும்போதே வசூலித்துவிடுகிறார்கள். நீங்கள் கட்டிய ஒவ்வொரு அடுக்குமாடியிலும் உங்களுக்கான பணம் அந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது. அதைத் திரும்ப வாங்க, 60 வயதுக்குள் நலவாரியத்தில் பதிவு செய்து, அட்டையைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை; வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவரை நம்பாதீர்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் பில்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது உங்கள் சைட்டில் இருப்பவர்களிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்பவர்களை ஆதார், புகைப்படம், பாஸ்புக்கோடு ஒரு நாள் இ-சேவை மையத்துக்கு அனுப்புங்கள். வேலைச் சான்றில் கையெழுத்துக் கேட்டால் போட்டுக் கொடுங்கள். அந்த அரை நாள் கூலியைப் பிடிக்காதீர்கள்.